மன்னார்த் தீவில் ஒரு நாள்: காற்றைக் கேட்டுப் புறப்படுங்கள்

மன்னார்த் தீவுக்கு ஒருநாள் பயணம் போவது பற்றி வன்னியின் பல ஊர்களிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் விடை தருகிறோம். ஒரே விடயத்தைக் கேட்ட கடிதங்களை ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: பிள்ளைகளும் பெரியவர்களுமாகப் பன்னிரண்டு பேர் வான் பிடித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மன்னார் போக இருக்கிறோம். மடு, திருக்கேதீஸ்வரம், கோட்டை, பெருக்கமரம், பேசாலை, தலைமன்னார், அரிப்பு எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்கலாமா? எந்த ஒழுங்கில் போவது? (வாசகி, கிளிநொச்சி)

பதில்: முதலில் கிழமையை மாற்றுங்கள். பேசாலைப் பக்கத்துக் கத்தோலிக்கக் கடற்றொழிலாளர்களில் கூடுதலானோர் ஞாயிறன்று கடலுக்குப் போவதில்லை. அன்று மீன் வாங்கப் போனால் ஐஸில் கிடந்த முதல்நாள் மீன்தான் கிடைக்கும். சாப்பாட்டுக்காகவும் போகிற பயணம் என்றால் சனிக்கிழமை நல்லது.

அடுத்தது, மடுவையும் அரிப்பையும் இந்தப் பயணத்திலிருந்து எடுத்துவிடுங்கள். இரண்டும் தீவுக்கு வெளியே, பெருநிலத்தில் வெவ்வேறு திசைகளில் இருக்கின்றன. மடு மாதா கோயிலுக்குப் போனால் அரை நாள் இருந்து வர வேண்டும். ஓடிப்போய்க் கும்பிட்டுவிட்டு ஓடிவருகிற இடமல்ல அது. இந்த இரண்டையும் சேர்த்தால் பன்னிரண்டு பேரும் நாள் முழுக்க வானுக்குள்தான் இருப்பீர்கள்.

கிளிநொச்சியிலிருந்து ஏ9 வழியாக மாங்குளம் வந்து, துணுக்காய், வெள்ளாங்குளம் ஊடாக ஏ32 வீதியில் ஏறுங்கள். வழியில் நிற்காமல் வந்தால் இரண்டரை மணித்தியாலம் அளவில் ஆகும். விடிய நாலரைக்கு வான் வெளிக்கிட்டால் ஏழு மணிக்குத் திருக்கேதீஸ்வரத்தில் நிற்கலாம். தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் தாம்போதிக்கு இந்தப் பக்கமே, மாந்தையில் கோயில் இருப்பதால் இந்த வழியில் வருவோருக்கு அதுதான் முதலில் வரும். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். மீன் வாங்கிய பிறகு கோயிலுக்குப் போக ஒருவருக்கும் மனம் வராது. ஆகவே கோயில் முதலில், கடல் பிறகு. பாலாவித் தீர்த்தத்தில் கால் நனைத்து, கும்பிட்டு முடிய ஒரு மணித்தியாலம் வையுங்கள். மத்தியானத்தில் நடை சாத்திவிடுவார்கள் என்பதாலும் காலைதான் சரி.

எட்டு மணியளவில் தாம்போதி. ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் நீளம். கார்த்திகை தொடங்கி பங்குனி வரை போகிறீர்கள் என்றால் தாம்போதிக்கு முன்பே தள்ளாடிப் பக்கத்தில் வேகத்தைக் குறையுங்கள். வீதியின் இரு கரையிலும் இருப்பது வங்காலைப் பறவைகள் சரணாலயம். 2010 இல் சர்வதேச முக்கியத்துவமுள்ள ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. தூரத்தில் தண்ணீரின்மேல் வெள்ளையும் ரோசாவுமாக ஒரு கோடு தெரிந்தால் அது பூநாரைக் கூட்டம். பத்து மணிக்குப் பிறகு கானல் எழும்பி எல்லாம் நடுங்கத் தொடங்கிவிடும், என்ன கமராவாலும் சரியாக வராது. தாம்போதியின் நடுவில் வானை நிறுத்த வேண்டாம், ஒதுங்க இடம் போதாது. படத்துக்காகக் கல்லெறிந்து பறவைகளைக் கிளப்புகிறவர்களைக் காண்கிறோம். ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்து சேற்றில் இரை தேடுகிறவற்றை ஒருமுறை எழுப்பினால் அவை தின்ற சக்தியைத்தான் செலவழிக்க வைக்கிறோம். பிள்ளைகளுக்கு இதைப் புறப்படும் முன்பே சொல்லிவையுங்கள்.

பாலம் தாண்டியதும் கோட்டை. 1560 இல் போர்த்துக்கீசர் கட்டியது, 1658 இல் ஒல்லாந்தர் பிடித்துப் பின்னர் திருத்தியது, 1795 இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. உள்ளே நிழல் இல்லை. அரை மணித்தியாலம் காணும். கொத்தளத்தில் ஏறினால் தாம்போதியும் களப்பும் முழுதாகத் தெரியும். விளிம்புச் சுவரில் கல் கழன்ற இடங்கள் உண்டு, சின்னப் பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

பெருக்கமரம் (பாவோபாப்) பள்ளிமுனையில், பட்டினத்திலிருந்து கிட்டத்தான். உயரம் அதிகமில்லை, ஏழரை மீற்றர் அளவு. ஆனால் அடிமரத்தின் சுற்றளவு பத்தொன்பது மீற்றருக்கு மேல். உங்கள் பன்னிரண்டு பேரும் கைகோர்த்து நின்று சுற்றிப் பாருங்கள், பெரியவர்கள் கை நீட்டினாலும் வட்டம் முட்டுவது சந்தேகம். ஆபிரிக்க மரம், அரபு வணிகர்கள் ஒட்டகத்துக்குத் தீனியாகக் கொண்டுவந்தது என்று ஊரில் சொல்வார்கள். கோடையில் இலையெல்லாம் கொட்டிவிடும். அதைப் பார்த்து "மரம் பட்டுப்போச்சு" என்று கவலைப்பட வேண்டாம், மாரி மழைக்குத் துளிர்க்கும். பட்டையில் பெயர் வெட்டாதீர்கள். அந்த மரத்தின் அடிமரத்துக்குள் தண்ணீர் நிறைந்திருக்கும், வெட்டிய இடத்தால் அழுகல் ஏறும்.

ஒன்பதரைக்குள் பேசாலை. பட்டினத்திலிருந்து பதினாறு, பதினேழு கிலோமீற்றர். பதினொன்றிலிருந்து மூன்று வரை எங்கும் அலையாமல் நிழலில் சமைத்து, சாப்பிட்டு, படுத்து எழும்புங்கள். மூன்றரைக்குத் தலைமன்னார் இறங்குதுறை. அங்கே பார்க்கப் பெரிய கட்டடம் எதுவும் இல்லை, பழைய வெளிச்சவீடும் துருப்பிடித்த இறங்குதுறையும்தான். ஆனால் 1914 முதல் கொழும்பில் ரயில் ஏறி, இங்கே இறங்கிக் கப்பலில் தனுஷ்கோடி போய், அங்கே மறுபடி ரயில் ஏறி மதராஸ் போனார்கள் நம் அப்பப்பாமார். 1964 மார்கழிப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பிறகு கப்பல் இராமேஸ்வரத்துக்கு ஓடி 1984 இல் நின்றது. போரில் அழிந்த தண்டவாளம் திரும்பப் போடப்பட்டு 2015 பங்குனியில் ரயில் மறுபடி இறங்குதுறைக்கு வந்தது. இதைப் பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் வைத்துச் சொன்னால்தான் அந்தத் துருப்பிடித்த இரும்புக்குப் பொருள் தெரியும்.

ஐந்து மணிக்கு அங்கிருந்து திரும்பிவிடுங்கள். சூரியன் விழுவதைத் தாம்போதியைக் கடந்தபின், ஓரமாக நிறுத்தக்கூடிய இடத்தில் நின்று பாருங்கள். இருட்டிய பின் வெள்ளாங்குளம் மாங்குளம் வீதியில் மாடும் சில வேளை யானையும் குறுக்கே நிற்கும், சாரதி நித்திரைக் களையோடு ஓடக்கூடாத வீதி. விடிய எழும்பிய சாரதியையும் மத்தியானம் கட்டாயம் படுக்க விடுங்கள்.

கேள்வி: பிள்ளைகளைக் கடலில் குளிக்க விடலாமா? போன முறை போனபோது அலை பெரிதாக இருந்தது, இறங்கவே பயந்துவிட்டோம். (வாசகர், முல்லைத்தீவு)

பதில்: நீங்கள் போன மாதத்தை எழுதவில்லை. ஆனால் விடயம் மாதத்தில்தான் இருக்கிறது. தீவின் வடக்கே பாக்கு நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும். அப்போது தென்கரை கொந்தளிக்கும், வடகரை குளம் மாதிரி இருக்கும். கார்த்திகை தொடங்கி மாசி வரை வாடை என்ற வடகிழக்குக் காற்று. அப்போது வடகரையில் அலை, தென்கரை அடங்கும். தீவின் அகலம் சில கிலோமீற்றர்தான் என்பதால் ஒரு கரை சரியில்லை என்றால் அரை மணித்தியாலத்துக்குள் மற்றக் கரைக்குப் போய்விடலாம். நீங்கள் தவறான கரையில் இறங்கியிருக்கிறீர்கள், அவ்வளவே. போன உடனே கரையில் வலை பொத்துகிற ஒரு ஐயாவிடம் "இண்டைக்கு என்ன காத்து, எந்தக் கரை நல்லம்?" என்று கேளுங்கள். தீவில் இதைவிட நம்பத்தக்க அறிவித்தல் இல்லை.

தலைமன்னார் முனையிலும் இறங்குதுறைப் பக்கத்திலும் எந்த மாதத்திலும் குளிக்க வேண்டாம். இரண்டு கடலின் தண்ணீரும் மணல் தீடைகளுக்கு (திட்டுகளுக்கு) இடையால் புகுந்து ஓடும் இடம் அது, மேலே அமைதியாகத் தெரியும், கீழே இழுக்கும்.

ஆழம் குறைந்த மணல் கடலில் திருக்கை மணலுக்குள் புதைந்து படுத்திருக்கும். காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல் மணலில் உரசி இழுத்து நடந்தால் அது முதலே விலகிப் போய்விடும். முள் குத்திவிட்டால் தாங்கக்கூடிய அளவு சுடுதண்ணீரில் காலை அமிழ்த்தி வைத்தபடியே மன்னார் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். சூட்டில் வலி குறையும். முள் ஆழமாக ஏறியிருந்தால் நீங்களே பிடுங்கக்கூடாது.

கேள்வி: பேசாலையில் மீன் வாங்கி அங்கேயே பனைநிழலில் ஒடியல் கூழ் காய்ச்ச ஆசை. முன்பு வீட்டில் செய்தபோது ஒருமுறை கச்சல், ஒருமுறை கட்டி கட்டி. பன்னிரண்டு பேருக்கு அளவும் முறையும் எழுதவும். (வாசகி, புதுக்குடியிருப்பு)

பதில்: கச்சலுக்கும் கட்டிக்கும் காரணம் வேறு வேறு. கச்சல் (கசப்பு) மாவை ஊறவிடாததால், கட்டி மாவைக் கரைக்காததால்.

ஒடியல் மா (காயவைத்த பனங்கிழங்கின் மா) அரைக் கிலோ எடுங்கள். முதல் நாள் இரவே பெரிய பாத்திரத்தில் மூன்று லீற்றர் தண்ணீரில் கரைத்து விடுங்கள். தும்பு மேலே மிதக்கும், அள்ளி எறியுங்கள். மா அடியில் இறுகும். படுக்கப் போகும் முன் ஒருமுறை, விடிய வெளிக்கிடும் முன் ஒருமுறை மேல்தண்ணீரை ஆடாமல் வடித்து, முதல் தடவை வடித்ததும் புதுத்தண்ணீர் விடுங்கள். கச்சல் தண்ணீரோடு போய்விடும். வடித்த ஈரமாவை மூடியுள்ள போத்தலில் ஐஸ் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோங்கள். வானின் சூட்டில் நாலு மணித்தியாலம் கிடந்தால் புளித்துவிடும்.

வீட்டிலிருந்தே கொண்டுபோக வேண்டியவை: குத்தரிசி நூறு கிராம், தோல் நீக்கி வெட்டிய மரவள்ளிக்கிழங்கு அரைக் கிலோ, பலாக்கொட்டை இருபத்தைந்து, பயத்தங்காய் கால் கிலோ, முருங்கையிலை இரண்டு பிடி, மஞ்சள், உப்பு. செத்தல் மிளகாய் பதினைந்தை உள்ளியும் கொஞ்ச மிளகும் சேர்த்து அரைத்து ஒரு சின்னப் போத்தலில். பழப்புளி ஒரு பெரிய எலுமிச்சை அளவு, கரைத்து வேறொரு போத்தலில். இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள்.

பேசாலையில் வாங்க வேண்டியவை: முள்ளும் தலையுமாக மீன் ஒரு கிலோ, நண்டு எட்டு, இறால் கால் கிலோ, கணவாய் கால் கிலோ. கூழுக்கு விலை கூடிய மீன் தேவையில்லை, சதைத் துண்டைவிடத் தலைதான் ருசி தரும். மீன் கண் புடைத்துத் தெளிவாக இருக்க வேண்டும், செவுள் சிவப்பாக இருக்க வேண்டும், விரலால் அமத்தினால் பள்ளம் நிற்கக்கூடாது. நண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள், பருமனுக்கு ஏற்ற பாரம் வேண்டும். கவிழ்த்து வயிற்றோட்டை நகத்தால் அமத்தும்போது தகடுபோல் வளைந்தால் உள்ளே தண்ணீர்தான், ஓடு கழற்றிக் கொஞ்ச நாளான நண்டு அது. வயிற்றுக்கு வெளியே மஞ்சளாகவோ கறுப்பாகவோ சினை திரண்டிருக்கும் பெண் நண்டைத் தந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதை வாங்க ஆள் இருக்கும்வரை பிடிப்பதும் நிற்காது.

அடுப்பைப் பனைக்கு நேர்கீழே வைக்காதீர்கள். காவோலை விழும், ஆடி ஆவணியில் பனம்பழமும் விழும். நிழல் விழுகிற, மரத்திலிருந்து தள்ளிய இடத்தில் ஒரு சாண் பள்ளம் தோண்டி, காற்று வரும் பக்கம் மண்ணை அணைத்துக் கல் வையுங்கள். மேலே வைத்தால் தீவின் காற்றுக்கு நெருப்பெல்லாம் ஒருபக்கம் சாய்ந்து சட்டியின் பாதி மட்டும் கொதிக்கும்.

பத்து லீற்றர் கொள்ளும் சட்டியில் ஐந்து லீற்றர் தண்ணீர். அரிசி, மரவள்ளி, பலாக்கொட்டை, மஞ்சள் போட்டு மூடாமல் அவியுங்கள். மரவள்ளியை மூடி அவிக்கக்கூடாது, அதன் நச்சு ஆவியோடு வெளியேற வேண்டும். கிழங்கு பாதி வெந்ததும் மீன்தலைகள், பயத்தங்காய். பத்து நிமிடத்தில் நண்டும் மீன்துண்டும். கிழங்கை அகப்பைக் காம்பால் குத்திப் பார்த்து, நன்றாக அவிந்ததும்தான் புளி. புளி முதலே விழுந்தால் கிழங்கும் கொட்டையும் எத்தனை நேரம் கொதித்தாலும் கடுக்கென்றே நிற்கும். அதோடு மிளகாய்க் கூட்டும் உப்பும். இறாலும் கணவாயும் அதற்குப் பிறகு. முதலே போட்டால் றப்பர்தான்.

இப்போது நெருப்பைக் குறைத்து, ஈரமாவை இரண்டு கோப்பை பச்சைத்தண்ணீரில் பால்போலக் கரைத்து, ஒருவர் நூலாக ஊற்ற மற்றவர் அடிபிடிக்காமல் துழாவ வேண்டும். இது இரண்டு பேர் வேலை, ஒருவரே செய்தாலும் கட்டி படும். மாவின் வெள்ளை மாறிப் பளபளப்பு வரும், அகப்பையைத் தூக்கினால் கயிறாக இறங்காமல் மோர்போல் ஓட வேண்டும். அந்தப் பதத்தில் முருங்கையிலையைப் போட்டு இரண்டு கொதியில் இறக்குங்கள். "இன்னும் கொஞ்சம் தடிக்கட்டும்" என்று விட்டால் ஆறும்போது களியாகிவிடும். இறுகிப் போனால் கொதிதண்ணீர் விட்டுக் கலக்கலாம், பச்சைத்தண்ணீர் விடக்கூடாது.

பிளாஸ்ரிக் கோப்பை வேண்டாம். ஒரு பனையோலைக் குருத்துக் கிடைத்தால் பிளா கோலிக் குடியுங்கள். சூடான கூழ் பட்டதும் பச்சையோலையிலிருந்து ஒரு மணம் எழும்பும், அது வீட்டில் காய்ச்சும் கூழில் வராது. குடிக்கும்போது நண்டுக்கால் துண்டு வாயில் தட்டும் என்பதைச் சின்னவர்களுக்குச் சொல்லுங்கள். அவர்களுக்கு உறைப்புக் கூடாது என்றால் மிளகாய்க் கூட்டுப் போடும் முன்பே ஒரு சின்னச் சட்டியில் பிரித்தெடுத்து மாவும் அதற்கேற்பக் கரைத்து விடலாம்.

நெருப்பை மண்ணால் மட்டும் மூடாமல் தண்ணீர் ஊற்றி அணையுங்கள். சருகுக்குள் போன தணல் இரண்டு மணித்தியாலம் கழித்தும் காற்றுக்கு எரியும்.

கேள்வி: மன்னாரில் வாங்கிய கருவாடு இரண்டு கிழமையில் ரோசா நிறமாகி மணக்கத் தொடங்கியது. ஏமாற்றிவிட்டார்களா? (வாசகர், செட்டிகுளம்)

பதில்: ஏமாற்று என்று சொல்ல முடியாது. ரோசா நிறம் உப்பிலேயே வாழும் ஒருவகை நுண்ணுயிரால் வருவது. கருவாடு சரியாகக் காயாமல் இருந்தாலோ, நீங்கள் கொண்டுவந்து பொலித்தீன் பைக்குள் கட்டி வைத்திருந்தாலோ ஈரமும் சூடும் சேர்ந்து அது பெருகும். நிறம் மாறி மணப்பதைத் தின்ன வேண்டாம்.

வாங்கும்போது முதுகைப் பார்க்காதீர்கள், முள்ளோடு ஒட்டிய சதையைப் பாருங்கள். கட்டா, பாரை போன்ற தடித்த கருவாட்டில் கடைசியாகக் காய்கிற இடம் அதுதான். விரித்து அங்கே கட்டைவிரலால் அமத்துங்கள், மெத்தென்று இருந்தால் வேண்டாம். மேலே உப்புப் பூத்திருப்பது குறையல்ல. மணலோடு காய்ந்ததைவிடப் பரணில் காய்ந்ததைக் கேட்டு வாங்கலாம். கொஞ்சம் விலை கூடினாலும் பல்லுக்குள் மண் கடிக்காது. மாரியில் வாங்குவதானால் நெத்தலி மாதிரிச் சின்னதோடு நிறுத்துங்கள், தடித்தது அந்த நாட்களில் உள்ளே காயாது. வீட்டுக்கு வந்ததும் ஒரு முழு வெயில் காயவைத்து, பேப்பரில் சுற்றிக் காற்றோட்டமான இடத்தில் தூக்கிவிடுங்கள்.

கேள்வி: சொந்த வாகனம் இல்லை. வவுனியாவிலிருந்து பஸ்ஸில் போய் அன்றே திரும்பலாமா? ரயில் நல்லதா? (வாசகி, வவுனியா)

பதில்: பஸ்தான். எண்பது கிலோமீற்றர் அளவு. முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். ரயில் மதவாச்சியில் பிரிவதால் வவுனியாவிலிருந்து போக மாறி ஏற வேண்டும், ஒருநாள் பயணத்துக்கு நேரம் பொருந்தாது. மன்னார்ப் பட்டினத்தில் இறங்கி கோட்டைக்கு நடக்கலாம், பெருக்கமரத்துக்கு ஓட்டோ. தலைமன்னார் பஸ்ஸில் ஏறும்போதே கடைசி பஸ் எத்தனைக்குத் திரும்பும் என்று கொண்டக்ரரிடம் கேட்டு, அதற்கு முந்தியதில் திரும்புங்கள். திருக்கேதீஸ்வரம் இந்த நாளில் அடங்காது.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், சைவம் மட்டும் சாப்பிடுவார். தீவில் அவருக்கு என்ன இருக்கிறது? இராமர் பாலத்தையும் பார்க்க வேண்டும் என்கிறார். (வாசகர், துணுக்காய்)

பதில்: பெருக்கமரமும் தாம்போதியும் இறங்குதுறையும் வாகனத்துக்குக் கிட்ட இருந்தே பார்க்கக்கூடியவை. கோட்டைக் கொத்தளம் அவருக்கு வேண்டாம், வாசலில் நிழல் பார்த்து ஒரு கதிரை போட்டு விடுங்கள்.

இராமர் அணை என்பது தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே முப்பது கிலோமீற்றர் அளவில் கிடக்கும் மணல் தீடைகள். கரையில் நின்று பாலம் எதுவும் தெரியாது. நிறம் மாறும் ஆழமற்ற கடலும், வற்றிய நேரத்தில் கிட்டவுள்ள தீடையும்தான் தெரியும். அம்மாவுக்கு இதை முதலே சொல்லிக் கூட்டிப்போங்கள், அங்கே போய் ஏமாறக்கூடாது. கடல் எல்லையும் தேசிய பூங்காவும் என்பதால் அனுமதி இல்லாமல் படகில் போக முடியாது. படகில் ஏறி இறங்குவது முழங்காலுக்கும் ஆகாது.

சாப்பாட்டுக்குத் தீவின் பனை இருக்கிறது. மாரி கழிந்த நாட்களில் அவித்த பனங்கிழங்கு, பிறகு புழுக்கொடியல், கோடையில் நுங்கு, ஆவணியில் பனங்காய்ப் பணியாரம், எப்போதும் குட்டானில் அடைத்த பனங்கட்டி. நல்ல பனங்கட்டி உடைத்தால் மாவாக உதிராமல் துண்டாக முறியும், பல்லில் ஒட்டாது. சீனி கலந்தது வெளிறித் தெரியும். மத்தியானச் சோற்றுக்குப் பட்டினத்தில் மரக்கறிக் கடையைக் கேட்டுப் போங்கள். மீன் சமைக்கும் கடையில் மரக்கறி கேட்டால் அகப்பை ஒன்றாகத்தான் இருக்கும்.

கேள்வி: வீதியில் நிற்கும் கழுதைகளுக்குப் பிள்ளைகள் பாண் கொடுக்கலாமா? (வாசகி, மல்லாவி)

பதில்: கொடுக்க வேண்டாம். புல்லும் சருகும் செமிக்கிற வயிறு அது, பாணும் பிஸ்கற்றும் வயிற்றை ஊத வைக்கும். அதைவிடப் பெரிய தீங்கு, வாகனம் நின்றால் தீனி வரும் என்று பழகி அவை வீதிக்கு நடுவே வருவது. இரவில் அடிபட்டுக் கால் உடைந்து கிடப்பவை அப்படிப் பழகியவைதான். பின்பக்கமாகப் போய்த் தொடவும் விடாதீர்கள், உதைக்கும். தண்ணீர் கொடுக்கலாம். கோடையில் ஒரு வாளி தண்ணீரை வீதியிலிருந்து தள்ளி நிழலில் வைத்துவிட்டு விலகி நில்லுங்கள், அவையாகவே வரும்.